வேலை தேடும் வகுப்பு

வத்தலக்குண்டு மிக்கேல்ராஜ் பி.ஏ. பாஸ் செய்ததை ஊரே மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. சர்க்கார் மட்டும் கவனிக்கவில்லை. சில வருஷங்களாக அவன் டெரிலின் சட்டையும் தானுமாகப் பஸ் ஏறி, திண்டுக்கல்லில் வேலைவாய்ப்பு ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். ஆனந்தமேரியைக் கட்டிக்கொள்ள அவனுக்கு ஆசை. அவளுக்கும் சம்மதம். அவளுடைய அப்பா சூசைமுத்துதான், "சர்க்கார் நாற்காலியில உக்காராத மாப்பிள்ளைக்கு என் வீட்டுல பாய்கூடக் கிடையாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆபீசின் அதிகாரி முத்துச்சாமி. கேள்வியை அவர் மாற்றியதே இல்லை.

"முன் அனுபவம் உண்டா?"

"வேலை குடுத்தாத்தானே சார் அனுபவம் வரும்?"

"அனுபவம் இருந்தாத்தானே தம்பி வேலை வரும்?"

"நான் சொன்னதத்தானே சார் நீங்களும் திருப்பிச் சொல்றீங்க."

"நீங்க சொன்னா புலம்பல். நான் சொன்னா விதி."

இப்படியிருக்க, மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இளைஞர்களுக்கு வேலை தேடத் தெரியாததால்தான் வேலை கிடைப்பதில்லை என்று நிபுணர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். எனவே, பொதுநலன் கருதி, வேலை தேடும் வகுப்பு ஒன்று நடத்தவேண்டும். நடத்துகிறவர் அத்துறையில் நீண்ட அனுபவம் உள்ளவராக இருக்கவேண்டும்.

முத்துச்சாமி நிமிர்ந்து பார்த்தார். எதிரே மிக்கேல்ராஜ் நின்றுகொண்டிருந்தான்.

அன்றே நியமனம் ஆயிற்று. மேலே மின்விசிறியும் கீழே நாற்காலியும் இருப்பதைச் சூசைமுத்து நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். தை பிறந்ததும் கல்யாணம் என்று முடிவானது.

"அது என்ன வேலை?" என்று கோயில் வாசலில் கேட்டாள் ஆனந்தமேரி.

"வேலை தேடச் சொல்லிக்குடுக்குற வேலை."

"தேடுனா கிடைக்குமா?"

"தேடலாம்" என்றான்.

வகுப்பு ஓஹோவென்று நடந்தது. அதிகாரி முன் எத்தனை அடி தள்ளி நிற்பது, 'நாளைக்கு வா' என்றால் எந்த முகத்தோடு நன்றி சொல்வது என்றெல்லாம் மிக்கேல்ராஜ் கற்றுத்தந்தான். வகுப்பில் சேர்ந்தவர்களை 'பயிற்சியில் உள்ளோர்' என்று எழுதிக்கொள்ள விதியில் இடமிருந்தது. ஆகவே வேலையில்லாதோர் கணக்கு மாதாமாதம் இறங்கியது. மேலிடம் பாராட்டியது.

அப்போதுதான் அந்த அசம்பாவிதம் நிகழ்ந்தது. சேவுகம்பட்டிப் பொன்னழகு என்ற மாணவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகள் வைத்திருந்த ஜமால் முகமது, கணக்கு எழுத அவனைச் சேர்த்துக்கொண்டார்.

முத்துச்சாமிக்கு வியர்த்துவிட்டது. "இதப் பாத்து ஆளாளுக்கு வேலைக்குப் போயிட்டா வகுப்பு என்னாகுறது? உங்க நாற்காலி என்னாகுறது?"

மிக்கேல்ராஜுக்கு மாணவனைத் தடுக்க மனமில்லை. ஆனாலும் பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. மறுநாள் சேவுகம்பட்டிக்குப் போனான்.

"ஏலே பொன்னழகு, லாரி ஆபீசுல உக்காரவா இம்புட்டுப் படிச்ச?"

"சம்பளம் தாராக சார். எனக்குப் பிடிச்சிருக்கு."

அவனை மடக்க மிக்கேல்ராஜிடம் பாடம் எதுவும் இல்லை. நல்லவேளையாக அவன் அம்மா மூக்காயி உள்ளேயிருந்து வந்தாள். "சார் சொல்றதக் கேளுய்யா. வெங்காயக் கணக்கு எழுதுறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வகுப்புக்குப் போறவன்னு சொன்னாலாச்சும் ஒரு மரியாத இருக்கு."

பொன்னழகு வகுப்புக்குத் திரும்பினான். மிக்கேல்ராஜின் கல்யாணமும் குறையில்லாமல் நடந்தது.

அடுத்த வாரம் ஜமால் முகமது ஆபீஸ் படியேறி வந்தார்.

"ஏனுங்க, கணக்கு எழுத ஆளில்லாம லாரியெல்லாம் நிக்குதுங்க. வேலையில்லாத பையன் ஒருத்தனை அனுப்பி வையுங்க."

முத்துச்சாமி வருத்தத்தோடு தலையசைத்தார். "நம்ம வட்டாரத்துல வேலையில்லாதவங்களே இல்லையே பாய். எல்லாரும் பயிற்சியில இருக்காங்க."

ஜமால் முகமது நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அப்படீங்களா. நம்ம சின்னவனும் பி.ஏ. முடிச்சிருக்கானுங்க. லாரி வேண்டாங்கிறான். அந்த வகுப்புல ஒரு இடம் கிடைக்குங்களா?"