சைக்கிள் சக்கரத்தில் வந்த மயில்

எழுத்து எனக்குக் கூட்டித்தான் வாசிக்க வரும். (இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.) ஆனால் தறியில் உட்கார்ந்தால் எங்கள் ஊர் இளம்பிள்ளையில் எனக்குச் சமமாக ஒருத்தி இருந்ததில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

வெள்ளைக்காரன் காலம். எனக்குக் கல்யாணமான புதிது. பட்டணத்தில் சித்திரம் படித்த என் கொழுந்தன் லீவுக்கு வந்து, தெருப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுக் காட்டினான். ஒருத்தர் காகிதத்தில் தலையை வரைந்து மடித்துவிட வேண்டும். அடுத்தவர் அதைப் பார்க்காமல் வயிறு, மூன்றாமவர் கால். பிரித்தால் கனவில் வருவதுபோல ஒன்று நிற்கும்.

"பிரான்சு தேசத்துல பெரிய ஓவியருங்களே இப்படி விளையாடறாங்க அண்ணி. சர்ரியலிசம்னு பேரு" என்றான். (அந்தப் பேர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை.)

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காகிதம் தீர்ந்ததும் முகம் தொங்கிப் போனது.

"காயிதம் எதுக்கு? தறியில நெய்ய நெய்ய உருளையில சுருண்டு மறைஞ்சுக்குதே, அதுவும் மடிப்புத்தான" என்றேன்.

"தறியில இருக்கறது ராசாத்தி முகூர்த்தச் சீலைங்க அண்ணி."

ராசாத்தி என் நாத்தனார். மாப்பிள்ளை வீட்டார் எடப்பாடிக்காரர்கள். நூலும் சரிகையும் அவர்களுடையது.

"முந்தானை ஓரத்துல உள்ளங்கை அகலம் ஒரு புட்டா. பிள்ளைங்க சொல்லட்டும், நான் போடறேன்."

ஒருத்தி என் காதில் ரகசியமாக, மயில் தலை என்றாள். போட்டேன். அது சுருண்டதும் இன்னொருத்தி யானை வயிறு கேட்டாள். பின்னால் சைக்கிள் சக்கரம். சுருண்டதைப் பார்க்கக் கூடாது என்பது ஆட்ட விதி. விதி என்றால் விதி, நானும் பார்க்கவில்லை. அதனால் எவ்வளவு பெரிதாகிறது என்றும் தெரியவில்லை.

சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சீலையைத் தறியிலிருந்து அறுத்து விரித்தோம். முந்தானை முழுக்க அந்த ஜந்துதான்.

சம்பந்தியம்மா கேட்டார்: "ஏனுங்க, இது பறக்குமா, நடக்குமா?"

மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. "வேற சீலை எடுத்துக்கறமுங்க. கல்யாணத்தப் பத்தியும் யோசிச்சுச் சொல்றமுங்க" என்று எழுந்தார்.

கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை. "நெசவுல ஒரு பிசிறு காட்டுங்க மாமா, நான் நெய்யறதையே விட்டுட்டுத் தறிக்குழிய மூடிப்போடறேன்."

(மாமியார் பார்த்த பார்வையில் நூல் பற்றிக்கொள்ளும்.)

சம்பந்தியம்மா சீலையைத் திருப்பிப் போட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ராசாத்தி, "நா இதையே கட்டிக்கறனுங்க அத்தை" என்றாள்.

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டது. "உக்காருங்க" என்று புருசனை இழுத்தார். "சக்கரம் வச்சிருக்குது. புள்ள நம்மூட்டுக்கு வெரசா வந்துரும்."

முகூர்த்தத்தில் கூட்டம் முழுக்கப் பெண்ணின் முதுகுப் பக்கமே நின்றது. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்காவது வரன் பேசினால், "முழுசா விரிச்சுப் பாத்தாச்சுங்களா?" என்று ஒருத்தர் கேட்பார். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள்.

"பாத்தா ஆட்டம் கெட்டுருமே சாமி" என்பேன் நான்.