வீடியோ பெட்டியில் விழுந்த இழவு

பிழைப்புக்காகப் புளுகுகிறவன் என்றாவது ஒருநாள் அந்தப் புளுகுக்கே மொட்டை அடித்துக்கொள்ள வேண்டி வரும். (சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. நான் அடித்துக்கொண்டேன். மீசையும் சேர்ந்து போயிற்று.)

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு வீடியோ கடையில் வேலை பார்த்தேன். நாடாக்களைத் துடைத்து அடுக்குவது பாதி வேலை, வாய் ஓயாமல் அளப்பது மீதி வேலை. பயங்கரப் படங்களுக்கென்று ஓர் அலமாரி இருந்தது. பெரிய கம்பெனிப் படங்கள் அல்ல. யாரோ நாலு வெள்ளைக்காரப் பையன்கள் கைக்காசைப் போட்டுக் காட்டுக்குள் எடுத்தவை. வாளி வாளியாக ரத்தம் ஊற்றியிருப்பார்கள். எங்களுக்கு வந்து சேர்வதோ நகலின் நகலுக்கு எடுத்த நகல். யார் யாரை வெட்டுகிறார்கள் என்பதே மங்கலாகத்தான் தெரியும்.

அதில் ஒரு படத்துக்கு நான் கட்டிய கதைதான் கடையிலேயே நல்ல வியாபாரம். "அண்ணே, வேணாம்ணே, இதயம் தாங்காது. அந்த நாட்டுல கோர்ட்டு வரைக்கும் போயிருச்சு. நடிச்ச பொண்ணு நெசமாவே செத்துப்போச்சாம்!" என்பேன். வேண்டாம் என்று சொன்ன படத்தைத்தான் எல்லாரும் எடுத்துப் போவார்கள். பெண் செத்ததாக முதலாளி சொன்னார். கோர்ட்டு என் சொந்தக் கைச்சரக்கு.

அப்போது நான் தேவகியைக் கட்டிக்கொள்ளத் துடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குனோங் ராபாட்டில் அக்கா வீட்டில் தங்கித் தையல் கடைக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் அப்பா மாரிமுத்து, சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் தண்டல். பொய் என்றால் அவருக்கு ஆகாது. வாடகை வீட்டைச் சொந்த வீடு என்று சொன்ன ஒரு மாப்பிள்ளையின் கையிலிருந்து, பாதி குடித்த காப்பியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பியவர்.

"அப்பா புதுசா வீடியோ வாங்கியிருக்காரு. ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு சாமி படம் எடுத்துக்கிட்டு வாங்க. அவரு சந்தோசமா இருக்கறப்ப நம்ம விசயத்தப் பேசிரலாம்" என்றாள் தேவகி.

சாமி படம் எவன் வேண்டுமானாலும் கொண்டு போவானே! பயங்கரப் படம் போட்டால் பெண்கள் அலறுவார்கள், நான் நடுவில் நின்று "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்பேன், தண்டல் என் தைரியத்தைப் பார்த்து மயங்குவார். இப்படி ஒரு மூளையைக் கொடுத்த ஆண்டவனை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து வேலையாட்கள் குடியிருக்கும் லயமே தண்டல் வீட்டுக் கூடத்தில் கூடிவிட்டது. எங்கள் பக்கம் ஆங்கிலப் படம் ஓடினால் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்ல வேண்டும். நான் எழுந்து நின்றேன். (எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். அந்தப் படத்தில் பாதி வசனம் அலறல் என்பதால் சமாளித்தேன்.) ஆட்டுக்கறி வாசனை அடுப்படியிலிருந்து வந்தது. எனக்காகத்தான் கொதிக்கிறது என்ற நினைப்பில் தலை கிறுகிறுத்துவிட்டது. அந்தப் பெண்ணைத் துரத்திப் பிடிக்கும் இடம் வந்ததும் கடைக் குரலில் கத்தினேன்: "நல்லா பாத்துக்குங்க! இது நடிப்பு இல்ல. கேமராவ ஓடவிட்டே கொன்னுட்டானுங்க. இதோ... உசுரு போயிருச்சு!"

யாரும் அலறவில்லை. தேவகியின் அம்மா லெட்சுமி எழுந்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டார்.

"ஐயோ, யாரு பெத்த மகளோ! எங்க வீட்டுக் கூடத்துல வந்தா உசுர விடணும்!"

அவ்வளவுதான். பெண்கள் எல்லாம் வட்டமாகக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ டிவியை அணைத்து வெள்ளை வேட்டியால் மூடினார். அதன் முன்னால் விளக்கு ஏற்றினார்கள். இழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று கறிச்சட்டியை இறக்கி வாழைமரத்தடியில் கொட்டினார்கள். நாய் தின்பதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தண்டல் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "தம்பி, நெசமாவே செத்துச்சா? இல்ல ஆளுங்கள ஏமாத்துறியா?"

பொய் என்றால், காப்பியைப் பறிகொடுத்தவன் கதிதான் எனக்கும். நிஜம் என்றால், சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. எந்தப் பக்கம் விழுந்தாலும் குழிதான். கதவோரம் நின்ற தேவகியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நெசந்தான் ஐயா" என்றேன்.

"அலாமாக்! அப்ப பதினாறாம் நாள் காரியம் செய்யணும்லா. அநாதையா வுட்டா நம்ம வீட்டையேல்ல சுத்திக்கிட்டு இருக்கும். அதுக்குச் சொந்தம் யாரு?"

"தெரியாது ஐயா."

"கொண்டாந்தது நீதான? நீயே செய்யி."

பதினாறாம் நாள் தோட்டத்து ஆற்றங்கரையில் தலையும் மீசையும் மழிக்க என்னை உட்கார வைத்தார்கள். செத்தவள் பேர் என்ன என்று காரியம் செய்துவைக்க வந்த பண்டாரம் கேட்டார். மேரி என்று வைத்தேன். என்ன உறவு என்றார். உறவுக்கு நான் எங்கே போவேன்?

"தம்பி, மொட்ட போடுறவன் மகனா இருக்கணும், இல்ல புருசனா இருக்கணும். மகன்னு சொல்ல வயசு ஒத்து வராது. புருசன்னே வச்சிக்குவோமா?" என்று பண்டாரமே வழி சொன்னார்.

தண்டல் தலையாட்டினார். எனக்குத் தாலி கட்டும் யோகம் வருமுன்னே பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் ஆனேன். ஆற்றில் முங்கி எழுந்தபோது நிஜமாகவே குமுறிக் குமுறி அழுதேன். கரையில் நின்றவர்களும் மேரிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஒரு வருஷம் நான் மனுஷனாகவே இல்லை. தைப்பிங்கில் அரசாங்க வேலையில் இருக்கும் எவனாவது வந்து, தீட்டுக் கழிந்த மறுநாளே அவளைத் தட்டிக்கொண்டு போவான் என்று சோறு இறங்காமல் கிடந்தேன். கடையில் யாராவது பயங்கரப் படம் கேட்டால், "எல்லாம் தக்காளிச் சாறுண்ணே" என்றேன். அலமாரியில் தூசி படிந்தது. முதலாளி என்னை அனுப்பிவிட்டார்.

வருஷம் முடிந்ததும், வேலையும் இல்லாமல், திரும்ப வளர்ந்த மீசையை மட்டும் வைத்துக்கொண்டு போய்ப் பெண் கேட்டேன். தண்டல் என் மீசையைப் பார்த்தார். "ஊரு பேரு தெரியாத பொண்ணுக்கே மொட்ட போட்டவன், எம்மவள வுட்ருவானா? கட்டிக்க" என்றார். நான் அவர் காலில் விழுந்து எழுவதற்குள் லெட்சுமி அம்மா குறுக்கே வந்தார்.

"எம்மவ ரெண்டாந்தாரமால்ல போறா! மூத்தவளுக்குச் சேல வச்சிக் கும்புட்டுட்டுத்தான் தாலி கட்டணும்."

கல்யாணத்தன்று காலையில் டிவி பெட்டிக்கு முன்னால் மேரிக்குச் சேலை வைத்துப் படைத்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் வைக்கிறோம். என் பிள்ளைகள் அவளை மேரி பெரியம்மா என்கிறார்கள். எங்களுக்குள் சண்டை வந்தால், "போய் உங்க மூத்தவகிட்ட சோறு கேளுங்க" என்கிறாள் தேவகி. பேரப்பிள்ளைகள் வரை சிரிக்கிறார்கள்.

போன தீபாவளிக்குப் படைத்து முடித்தபின் மெல்லக் கேட்டேன்: "ஏம்மா, அவ நெசமாவே செத்துட்டான்னு அன்னிக்கு நீயும் நம்பினியா?"

"நானா? செத்துக் கெடந்தவ நெஞ்சு அந்த மங்கல்லயும் ஏறி ஏறி எறங்குனிச்சே, அப்பவே தெரியும்."

"அடிப்பாவி! அப்ப ஏன் வாயத் தொறக்கல? என் மீச போச்சு, வேல போச்சு, ஒரு வருசம் செத்துச் செத்துப் பொழச்சேனே!"

"தொறந்திருந்தா எங்கப்பா உங்கள அன்னிக்கே வெரட்டியிருப்பாரு. எனக்கு நீங்க வேணும்ல?" என்றாள்.

அவள் படையலில் இருந்த சேலையை எடுத்து, உதறி, தன் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். மூத்தவளுக்குப் படைத்த சேலையை இளையவள்தானே கட்ட வேண்டும்.

"அடுத்த வருசம் மேரிக்குப் பட்டுச் சேலையா எடுங்க" என்றாள்.