மூன்று ஆம்ப்ளிஃபையர் ஆசாமி

ஐயா, ‘இப்போதைக்கு ஆசாமி’ என்று ஓர் இனம் உண்டு. அதில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவர் முற்றிப்போன ரகம். மாடியில் ஏரியல் கட்டி, மைக்கைப் பிடித்துக் கடல் கடந்து பேசுகிற பொழுதுபோக்கு அது. எனக்கும் உண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றியே முன்னுக்கு வந்தவன் நான். என் கை போட்ட இணைப்பு ஒன்றுகூட ரிப்பேருக்குத் திரும்பி வந்ததில்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஆசாமியை எப்படிக் கண்டுபிடிப்பது? அவருக்குத் தன் குரல் போதாது. அதன் பலத்தைக் கூட்டி அனுப்ப ஓர் ஆம்ப்ளிஃபையர் வாங்குவார், அது சூடாகிறது என்று இரண்டாவது, இரண்டுக்கும் துணையாக இருக்கட்டும் என்று மூன்றாவது, மூன்றையும் அலமாரியில் அடுக்கி, பின்னால் வயர்களைத் தலைவாராத பிள்ளையின் முடி மாதிரி தொங்கவிட்டு, முன்பக்கத்தை மட்டும் தினமும் துடைப்பார். முன்பக்கம் விருந்தாளிக்கு. பின்பக்கம் கடவுள் விட்ட வழி.

மைக்கை அழுத்தியதும் ‘எழுந்திரு’ என்று சொல்கிற கம்பி ஒன்று ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையருக்கும் உண்டு. இப்படிப் பல பெட்டிகளை ஒரே ரேடியோ செட்டில் மாட்டினால், ஒவ்வொரு கம்பியிலும் ஒரு டயோடு போட வேண்டும். மின்சாரத்துக்கு ஒருவழிப் பாதை, அவ்வளவுதான். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். ஆசாமி என்ன செய்வார்? மூன்று கம்பியையும் சேர்த்து முறுக்கி டேப் ஒட்டுவார். கேட்டால், “இப்போதைக்கு இருக்கட்டும்.”

எங்கள் தெருவில் ஒருவர், பட்டப்பெயர் ‘முழக்கம்’. கல்லூரியில் மின்சாரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். போன் எட்டாத தீவில், வானிலை நிலையத்தில் அவர் தம்பிக்கு வேலை. ஞாயிறு பத்து மணிக்கு ரேடியோவில்தான் பேச்சு. ஒரு ஞாயிறு நான் போனபோது அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

“வாங்கண்ணே. அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். சித்தப்பா பேரைப் பத்திரிகையிலேர்ந்து எடுக்கச் சொல்றார் இவர்.”

“நாலு வாரமாக் கூப்பிடறேன், பதில் இல்லை. திமிர்,” என்றார் முழக்கம். மைக்கை அழுத்தி, “டேய், இனிமே உனக்கு அண்ணன் இல்லைன்னு வச்சுக்க,” என்றார். செட்டில் வெறும் இரைச்சல்.

“நாலு வாரத்துக்கு முன்னாடி இங்க என்ன சார் நடந்தது?”

“ஒண்ணுமில்லையே. மூணாவதை மாட்டினேன். அதுதான் ஓடுது. மத்த ரெண்டையும் அணைச்சு வச்சிருக்கேன், பாதுகாப்புக்கு.”

பாதுகாப்பாம். பின்னால் எட்டிப் பார்த்தேன். டயோடு இல்லை, முறுக்கும் டேப்பும்தான். அணைத்த பெட்டிகள் வழியாக மின்சாரம் திருட்டு வழி கண்டுபிடித்திருந்தது. யாரோ மைக்கை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று மூன்றாவது நினைத்துக்கொண்டு, நாலு வாரமாகப் பேசும் நிலையிலேயே நின்றுவிட்டது. பேசிக்கொண்டே இருப்பவனுக்கு எங்கே காது கேட்கும்?

மூன்று பெட்டிகளின் பிளக்கையும் பிடுங்கி, ரேடியோ செட்டை மட்டும் விட்டுவைத்தேன். உள்ளே ‘டக்’ என்றது. மூன்றும் அணைந்த பிறகுதான் அந்த வீட்டுக்குக் காது வந்தது. செட்டில் தம்பியின் குரல்.

“...அண்ணே, நீங்க திட்டறது நாலு வாரமாத் தெளிவாக் கேக்குது. நான் சொல்றதுதான் உங்களுக்குக் கேக்கலை. கப்பல்ல இடம் போட்டாச்சு, கல்யாணத்துக்கு வரேன். அண்ணி, நீங்களாவது அவரைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க.”

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முழக்கம் தொண்டையைச் செருமினார். “பாத்தியா, மூணாவது போட்டதுல எவ்வளவு கணீர்னு இருக்கு.”

“அது அணைஞ்சு கிடக்குங்க,” என்றார் மனைவி.

மறுநாளே நான் மூன்று டயோடோடு போனேன். ஆசாமி வாசலிலேயே மறித்தார். “இப்ப எதுக்கு சிரமம்? ரெண்டு கம்பியைக் கழட்டிட்டேன், இப்போதைக்கு...”

அவரை விடுங்கள். உங்களுக்கும் பதில் சொல்லாத ஒருவர் இருப்பார். அவருக்குத் திமிர் என்று ஊரெல்லாம் சொல்லியும் இருப்பீர்கள். கோபத்தைக் கொஞ்சம் நிறுத்தி, உங்கள் அலமாரியின் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்களேன்.

என்ன, இப்போதைக்கு வேண்டாமா?