நாலாவது காய்

மில்லர்புரம், தூத்துக்குடி
3-12-1976

ஆண்டவர் தயவால் மெட்ராஸில் கம்ப்யூட்டர் படிக்கும் அருமை மகள் ஜெபசெல்விக்கு அப்பா தேவபிரசாதம் எழுதுவது: இங்கே நானும் இரண்டு கோழிகளும் சுகம். உன் சுகத்தை நீ எழுதவே இல்லை, அதைப் பிறகு பேசிக்கொள்கிறேன்.

புக் போஸ்டில் நீ அனுப்பிய அட்டைக்கட்டு வந்தது. தபால்கார வன்னியபெருமாள், "அண்ணாச்சி, அம்புட்டு அட்டையிலயும் பூச்சி அரிச்சிருக்கு, நான் பொறுப்பில்ல பாத்துக்கிடுங்க" என்றான். "பூச்சி இல்லடே, எம்மவ மெஷினுக்குப் பல்லாங்குழி சொல்லிக் குடுத்த ஓட்டை" என்றேன். ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

கூடவே வந்த உன் கடிதத்தைப் படித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆளுக்கொரு பல்லாங்குழி ஆட்டக்காரனை மெஷினில் எழுதி மோதவிடுங்கள், அதுதான் பாடம் என்று உங்கள் புரொபசர் சொல்ல, நீ என்னிடம் ஆடும் முறை கேட்க, நான் நாலு பக்கம் எழுத, அதை அட்சரம் பிசகாமல் அட்டையில் குத்தி வகுப்பில் மற்ற ஒன்பது பேரிடமும் தோற்றிருக்கிறாய். ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் பசு, அது குழிக்குச் சொந்தக்காரனுக்கு, பச்சப்புள்ளைக்கும் தெரியும். எதிராளி குழியில மூணு கெடந்தா நாலாவதைக் கொண்டுபோய்ப் போடுன்னு எழுதியிருக்கேனே, என் புத்தியை எதால அடிக்க! "எதிராளிக்குப் பசு மேய்க்க யாரும்மா சொல்லிக் குடுத்தது"ன்னு புரொபசர் எல்லார் முன்னாலயும் கேட்டாராமே. நான்தாம்ளா. உங்கம்மா ஞானபாய் கண்ணை மூடுற வரைக்கும் முப்பது வருசம் அவகூட அப்படித்தான் ஆடுனேன். பசு எடுக்கையில ஒரு சிரிப்பு சிரிப்பா பாரு, அதுக்குத்தான். அது தோக்குற முறைங்கதே எனக்கு மறந்துபோச்சு.

ஜனவரியில் மறுபோட்டி, சரியான முறையை எழுதுங்கள், கிறிஸ்துமஸுக்கு வராமல் இங்கேயே அட்டை குத்துகிறேன் என்கிறாய். தாராளமாக இரு. எனக்கென்ன ஆளா இல்லை? துறைமுக ஆபீஸ் இனிகோ தினம் சாயங்காலம் வந்து, பலகைக்கு அந்தப் புறம், உன் அம்மா ஆடிய பக்கம் உட்கார்ந்து ஆடுகிறார். சுத்தக் கள்ளாட்டம். அவரோடு மல்லுக்கட்டவே பொழுது சரியாக இருக்கிறது. முறையை அடுத்த பக்கம் எழுதியிருக்கிறேன்.

கர்த்தர் உன்னையும் உன் ஓட்டை அட்டைகளையும் கண்மணிபோல் காப்பாராக. புரொபசருக்கு என் தோத்திரம்.

அன்பு அப்பா,
தே. தேவபிரசாதம்

பி.கு.: அடுத்த பக்கம் ஒண்ணும் எழுதல, தேடாத. இனிகோ ஆகஸ்டுலயே மாத்தலாகிக் கொச்சிக்குப் போயாச்சு. அவர் பக்கமும் நான்தான் ஆடுதேன். போட்டிக்கு முன்னால மெஷினை அதோடயே மோதவிட்டுப் பாப்போம்னு எழுதியிருந்தியே, இங்கனயும் அதே கததான். ஜெயிக்கிற முறையைக் கண்டுபிடிச்சு உனக்கு எழுதணும்னு பத்து நாளா மாறி மாறி ரெண்டு பக்கமும் உக்காந்து பாத்துட்டேன். அம்மா பக்கந்தான் ஜெயிக்குது. கை சொன்னபடி கேக்க மாட்டேங்கு. ஏளா, கிறிஸ்துமஸுக்கு வந்து எதுத்தாப்புல உக்காரு. உன்னையாவது தோக்கடிக்க முடியுதான்னு பாக்கேன்.