மூன்று பேரைத் தீர்த்த சொல்

"நம்ம ஸ்டோர்கீப்பரா? அவர் இன்டிஸ்பென்ஸபிள், சார்!"

மேலாளர் தொலைபேசியில் சொன்னது கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வந்து விழுந்ததும், ஸ்டோர்கீப்பரின் கையிலிருந்த டப்பா நழுவியது. பேரிங் குண்டுகள் அறையெங்கும் உருண்டோடின.

பதறாமல் என்ன செய்வார், பாவம்? மின்விசிறி செய்யும் அந்தக் கிளையில் ஓர் ஆளைக் குறைக்கப் போகிறார்கள். யாரை என்று சாயங்காலத்துக்குள் தலைமை அலுவலகம் சொல்லிவிடும்.

அந்தச் சொல் அவருக்குப் புதிதல்ல. டைப்பிஸ்ட் அம்மா கொண்டுவந்த அட்டை கிழிந்த துப்பறியும் நாவல்தான் அந்த அலுவலகத்துக்கே ஆங்கில வாத்தியார். கைமாறிக் கைமாறி எல்லாரும் படித்தார்கள். அகராதியைத் தொடக்கூடாது, கதையில் வரும் இடத்தைப் பார்த்தே பொருள் பிடிக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் சட்டம்.

இவரும் பிடித்தார். பங்களாக்காரர் தோட்டக்காரரை இன்டிஸ்பென்ஸபிள் என்றார். அடுத்த பக்கத்தில் தோட்டக்காரர் கிணற்றில் மிதந்தார். சமையல்காரியைச் சொன்னார், விடிந்தால் அவளுக்கு மூச்சில்லை. கணக்குப்பிள்ளையோ அந்த அத்தியாயத்தையே தாண்டவில்லை. தீர்த்துக்கட்ட வேண்டிய ஆள் என்பதைத் தவிர வேறென்ன பொருள் இருக்க முடியும்?

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"மேனேஜர் என்னை இன்டிஸ்பென்ஸபிள்னு சொல்லிட்டாரும்மா."

டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயய்யோ! அந்தத் தோட்டக்காரர் மாதிரியா?"

இவர் மேலாளர் அறைக்குள் நுழைந்தார். "சார், நான் புள்ளகுட்டிக்காரன். கொஞ்சம் பார்த்துச் சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்பா. இனி என் கையில ஒண்ணும் இல்ல," என்றார் மேலாளர், தலையை நிமிர்த்தாமல்.

முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே! இனி மரியாதை பார்த்தால் பிழைப்பு போய்விடும். ஸ்டோருக்கு ஓடி வந்து, தலைமை அலுவலகத்துக்கு அவரே போன் போட்டார்.

"சார், நான் இன்டிஸ்பென்ஸபிளே இல்ல! சத்தியமா இல்ல!"

"உங்களைப் பத்தி நீங்களே இப்படிச் சொல்றீங்களா?"

"ஆமா சார். இங்க அப்படி ஒருத்தர் உண்டுன்னா அது மேனேஜர்தான். நல்லா விசாரிச்சுப் பாருங்க!"

"அடேங்கப்பா! இப்படி ஒரு பெரிய மனசா உங்களுக்கு!" என்று நெகிழ்ந்துபோய் வைத்தார் அதிகாரி.

தப்பித்தேன் என்று மனைவிக்குப் போன் செய்து, நடந்ததைப் பெருமையாகச் சொன்னார். அந்தப் பக்கம் அகராதி புரளும் சத்தம் கேட்டது.

"அட மனுஷா! 'இந்த ஆள் இல்லாம ஒரு வேலையும் ஓடாது'ன்னுல்ல போட்டிருக்கு!"

"நெசமாவா?"

"வீட்டுல யாரும் உங்களை அப்படிச் சொன்னதில்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாயாரப் புகழ்ந்த மனிதரைச் சந்தேகப்பட்டு, இருந்த வேலைக்கும் தன் கையாலேயே உலை வைத்தாயிற்று. மேலாளரின் காலிலாவது விழுவோம் என்று ஓடினார். வாசலில் டைப்பிஸ்ட் குறுக்கே நின்றாள்.

"இப்ப உள்ள போகாதீங்கண்ணே! நீங்க சொன்னதை ஹெட் ஆபீஸ்ல அவர்கிட்டயே சொல்லிட்டாங்க. அவரும் நம்ம நாவலைத்தானே படிச்சாரு? 'நான் இன்டிஸ்பென்ஸபிள் இல்ல சார், அவன்தான் சார்'னு போன்ல கதறிட்டிருக்காரு!"