திறப்பு விழாவுக்குப் போகாதீர்கள், மாமா

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மூத்த மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமும் அத்தையின் முழங்கால் நலமும் அறிய ஆவல். நலம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மையில் எனக்குப் பதினொரு நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணம் உங்கள் இளைய மருமகன், அதாவது என் சகலை.

நம் வட்டாரத்தில் புதிதாகக் கட்டியிருக்கும் குப்பை மறுசுழற்சி மையத்துக்கு அவரை மேலாளராகப் போட்டிருக்கிறார்கள், எட்டு ஊர்க் குப்பையும் அங்கேதான் வரப்போகிறது, வெள்ளிக்கிழமை திறப்பு விழா, நீங்கள் முன்வரிசையில் உட்காரப் போகிறீர்கள் என்பதெல்லாம் எனக்குப் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது. பொறாமை என்று நினைக்காதீர்கள். சரி, பொறாமைதான், ஆனால் நியாயமான பொறாமை. இருபத்திரண்டு வருடமாகப் பழைய சாமான் கடை வைத்திருப்பவன் நான். ஒரு குழாயைத் தட்டினால் பித்தளையா, வெறும் பூச்சா என்று காது சொல்லிவிடும். அவரோ லாரி ஆபீசில் ரசீது எழுதிக்கொண்டிருந்தவர். நான் செய்தால் காயலான் கடை, அவர் செய்தால் மூலப்பொருள் மீட்பாம். பேப்பரில் வந்த அவர் படத்தை உங்கள் பெரிய மகள் வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போனால் மஞ்சள் ஹெல்மெட்டோடு சிரிக்கிறார். இப்போதெல்லாம் நான் குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறேன்.

இதற்கிடையில் சோதனை ஓட்டம் என்று வீட்டுக்கு நாலு பை கொடுத்தார்கள், காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, உலோகத்துக்கு ஒன்று. வயிற்றெரிச்சலில் ஒரு காரியம் செய்துவிட்டேன், உங்களிடம் மறைப்பானேன். காகிதப் பையில் ஈர டீத்தூளையும், பிளாஸ்டிக் பையில் ஒடிந்த குடையையும், கண்ணாடிப் பையில் என் பழைய செருப்பையும் போட்டு அனுப்பினேன், அவர் பெயர் கெடட்டும் என்று. பைக்குப் பை வீட்டு நம்பர் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. மூட்டைக்கு மூட்டை நம்பர் போட்டு வாங்குகிறவனுக்கே இது தோன்றவில்லை பாருங்கள், ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மறுநாளே மூன்று பையும் சிவப்புச் சீட்டோடு வாசலுக்குத் திரும்பி வந்தன, கூடவே என் மகள் வயதில் ஒரு பயிற்சியாளர். தெருவே வேடிக்கை பார்க்க, இது பிளாஸ்டிக், இது இரும்பு என்று எனக்கு ஒரு மணி நேரம் பாடம். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். முடிவில், முன்னேற்றம் தெரிகிறது என்று சான்றிதழ் வேறு. உங்கள் மகள் அதையும் ஃபிரிட்ஜில், அவர் படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டு, "பரவாயில்ல, நீங்களும் ஏதோ படிச்சிட்டீங்க" என்கிறாள்.

ஆகவே மாமா, ஒரே வேண்டுகோள். வெள்ளிக்கிழமை நீங்கள் போகக் கூடாது. என் கடை திறந்த அன்று இடுப்பு வலி என்று நீங்கள் வரவில்லை. நான் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, இருபத்திரண்டு வருடமாக மனசுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அந்த இடுப்பு அவருக்கு மட்டும் முன்வரிசையில் உட்காருமா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு வைக்காதீர்கள். நீங்கள் போனால் உங்கள் வீட்டுப் படியை இனி மிதிக்க மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். இளைய மருமகனுக்கு என் அன்பைத் தெரிவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு முதலில் வந்த மருமகன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் சகலை கடைக்கு வந்தார். முகமே சரியில்லை. மூன்று நாளாக அங்கே பித்தளையும் செம்பும் ஒரே குவியலில் விழுகிறதாம், வாங்க வந்தவர் வெறும் லாரியோடு திரும்பிவிட்டாராம். "அண்ணே, மெஷினுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது. நீங்க வரலேன்னா வெள்ளிக்கிழமை நான் தலைகுனிஞ்சு நிக்கணும்" என்றார். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்து பார்த்தேன், ரொம்ப நேரம் முடியவில்லை. உலோகப் பிரிவுக்கு இனி நான்தான் தலைவர். அதனால் அவசியம் வாருங்கள், அத்தையையும் அழைத்து வாருங்கள், முன்வரிசையிலேயே உட்காருங்கள். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் அந்த இடுப்பு விஷயம் உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். படித்ததும் எரித்துவிடுங்கள். காகிதப் பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், நேரே சகலை மேஜைக்குத்தான் போகும்.