அலோ அண்ணையின் பதினொரு மணித் தொடர்

தொலைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி நாடகம் நடத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அலோ அண்ணை. மறுப்பவர்கள் எழுதலாம், பதில் போடமாட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில், மொன்றியலில் ஒரு சின்னத் தொலைக்காட்சி நிலையத்தில் பழைய ஒளிநாடாக்களை அடுக்கி வைப்பது என் வேலை. வாசலில் இருந்து தொலைபேசி எடுப்பவர் அலோ அண்ணை. மன்னார்க்காரர். "அலோ" என்று அவர் எடுத்தால் மாடிவரை கேட்கும். உண்மைப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். அவருடைய பிரெஞ்சில் பெண்பால் கிடையாது. மதாம்களைத் தவிர மற்றதெல்லாம் ஆண்.

எங்கள் நிலையம் சொந்தமாகச் செய்தது செய்தியும் வானிலையும்தான். மற்றதெல்லாம் ஏதாவது ஒரு பெரிய வலையமைப்பிடமிருந்து வரும். அந்த உறவுதான் நிலைக்காது. நான் இருந்த காலத்தில் மூன்று தடவை மாறியது. ஒவ்வொரு தடவையும் எங்களுக்குப் புதுச் சின்னம் போட்ட கோப்பிக் கோப்பை கிடைக்கும். பார்ப்பவர்களுக்கு ஒரு நாடகம் காணாமல் போகும்.

இரண்டாவது மாற்றத்தில் போனது லூயிஸ் என்ற தாதியின் கதை. கணவன் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நின்றுவிட்டது. மிச்சம் வேறொரு சனலில். அதற்குக் கேபிள் வேண்டும். திங்கட்கிழமை நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கிலிருந்து ஒரு மதாம் அழுதுகொண்டு அழைப்பு எடுத்தார். அவரிடம் கேபிள் இல்லை.

"அவன் கண் திறந்தானா?"

"திறந்துவிட்டான், மதாம்," என்றார் அலோ அண்ணை தன் பிரெஞ்சில். "ஆனால் லூயிஸை யாரென்று தெரியவில்லை."

அடுத்த நாளும் மதாம் எடுத்தார். பிறகு அவருடைய தோழிகள், தோழிகளின் தோழிகள். காலை பதினொரு மணியானால் எல்லா இணைப்பிலும் சிவப்பு விளக்கு. விளம்பரம் தர எடுத்தவர்கள் வெறுத்துப்போய் வைத்துவிட்டார்கள். முகாமையாளர் கொதித்தார். நம்முடைய கதிரையில் இருந்துகொண்டு எதிரிச் சனலின் நாடகத்தைப் பரப்புகிறாரா? வெள்ளிக்கிழமை ஆளை நிறுத்துவதென்று முடிவானது.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அண்ணை, உங்களை வேலையால நிப்பாட்டப் போகினம். ஏன் அந்தச் சனலைப் பாத்துப் பாத்துச் சொல்லுறியள்?"

"எந்தச் சனல், பிள்ளை? என்னட்டயும் கேபிள் இல்லையே."

"அப்ப அந்தக் கதை?"

"நான்தான் கட்டுறன். வீடு இருக்கிற பியர்பொன்ட்ஸில பஸ் ஏறினா இஞ்ச வர ஒண்டரை மணித்தியாலம். சும்மா இருந்து என்ன செய்யிறது? போன கிழமை ஸ்னோவுக்குள்ள பஸ் நிண்டிட்டுது. அண்டைக்குத்தான் கப்பல் தண்ணிக்குள்ள தாண்டது."

"தாதியின்ர கதையில கப்பலோ?"

"பஸ் அசையேல்லயே, பிள்ளை!"

வெள்ளிக்கிழமை முகாமையாளர் கடிதத்தோடு வந்து நிற்க, மணி பதினொன்று. தொலைபேசி அடித்தது. "இதை நானே எடுக்கிறேன்" என்று பறித்தார். அஹுன்ட்சிக் மதாம்தான். அவருக்குக் காது மந்தம். குரல் மாறியதைக் கவனிக்கவில்லை. பிற்பகல் தனக்குக் கண் சத்திரசிகிச்சை, பயமாக இருக்கிறது, அந்தக் கப்பலில் லூயிஸ் இருந்தாளா என்று தெரியாமல் வீட்டைவிட்டு இறங்கமாட்டேன் என்றார்.

முகாமையாளருக்கு வியர்த்தது. தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அலோ அண்ணையிடம் குனிந்து கேட்டார்: "இருந்தாளா?"

"இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள்."

அவர் அதை அப்படியே ஒப்புவித்தார். மறுமுனையில் மதாம் அழுது சிரித்தது எனக்கே கேட்டது. கடிதம் முகாமையாளரின் சட்டைப்பைக்குள் திரும்பிப் போனது. அதன் பிறகு அவரும் பதினொரு மணிக்கு ஏதோ வேலை இருப்பதுபோல வாசல் பக்கம் வந்து நிற்பார்.

வசந்தத்தில் மூன்றாவது மாற்றம். லூயிஸின் வலையமைப்பே திரும்பி வந்தது. நாடகத்தையும் எங்களிடம் நின்ற இடத்திலிருந்தே மறுபடி போட்டார்கள். கணவன் இன்னும் அதே கட்டிலில்! அன்று வந்ததெல்லாம் முறைப்பாடு. "இது பிழையான கதை. சரியானதைப் போடுங்கள்!"

அலோ அண்ணை ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டார். "பாவம், பிள்ளை. அதை எழுதுறவர் கார் வைச்சிருக்கிறார் போல."

மதாம்கள் எடுப்பதை நிறுத்தவில்லை. முழங்கால் வலி, பூனையின் குணம், பேரப்பிள்ளை வராதது என்று ஏதாவது சொல்ல இருக்கும். நானும் சில நாள் உள்ளே இருந்து அவருடைய இலக்கத்தை அழுத்தியிருக்கிறேன். சொல்ல ஒன்றும் இருக்காது. "என்ன பிள்ளை, சாப்பிட்டாச்சோ?" என்பார். "ஓம் அண்ணை" என்று வைத்துவிடுவேன். அந்த நாள் நன்றாகவே போகும்.